இக்காமா முடியிற திகதியும் ‘டிப்ஸ்’ வீடியோக்களும்

யூடியூப்பிலும் முகநூலிலும் இப்போது ஒரு சரக்கு நன்றாக ஓடுகிறது. ‘வெளிநாட்டுக்குப் போறீங்களா? இந்த ஏழு விசயத்தையும் மறக்காதீங்க’ என்ற வகை. பாஸ்போட்டைப் போட்டோகொப்பி எடுத்து வையுங்கள், சம்பளத்தில் கால்வாசியைச் சேமியுங்கள், அரபியில் நூறு சொல் பாடமாக்குங்கள், வீட்டுக்கு எல்லாக் காசையும் அனுப்பாதீர்கள், உடம்பைப் பாருங்கள். சொல்லுகிறவர் பெரும்பாலும் ஒரு காருக்குள் இருந்துதான் சொல்லுவார். பின்னால் டுபாயின் கண்ணாடிக் கட்டடம் ஒன்று தெரியும்.

சொல்லுவதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. போட்டோகொப்பி எடுத்து வைக்கத்தான் வேணும். எங்களுக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். இந்த வீடியோக்களில் கஷ்டப்படுகிற ஆள் எப்போதும் ‘தெரியாமல் போன’ ஆள். விசயம் தெரிந்திருந்தால், கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் நடந்திருக்காது என்பதுதான் ஒவ்வொரு வீடியோவின் அடியிலும் ஓடுகிற கதை. சம்பளம் வராட்டி நீ ஒப்பந்தத்தை வாசிக்கேல்ல. பாஸ்போட்டைப் பறித்தால் நீ கொப்பி எடுக்கேல்ல. இருபது வருசம் உழைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தால் உனக்குச் சேமிக்கத் தெரியேல்ல. முதலாளி, கம்பனி, இரண்டு அரசாங்கங்கள், ஏஜென்சி எல்லாம் வீடியோவுக்கு வெளியே நின்று கைகழுவிக்கொள்கின்றன.

எங்கள் குழுவில் பலர் கலைப்பீட மாணவர்கள். எங்களில் சிலரைப் படிப்பித்தது கட்டார் ரியால், சிலரைக் குவைத் தினார். ஒருத்தியைப் படிப்பித்தது அவளுடைய உம்மா ரியாத்தில் பதினாறு வருசம் கழுவிய கோப்பைகள். வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் அன்றாடக் கருமங்களில் அரைவாசி ஊரில்தான் நடக்கிறது என்பதும், அதைச் செய்து முடிக்கிறது பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள்தான் என்பதும் எங்களுக்குத் தெரியும். பிரதேச செயலகத்தில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கு நிற்கிறது, அதை மொழிபெயர்ப்பிக்கிறது, அத்தாட்சிப்படுத்தக் கொடுக்கிறது, அற்றோணித் தத்துவம் வந்ததும் சட்டத்தரணியிடம் ஓடுகிறது, ‘மகன், அந்தக் கடிதத்தில எண்ட பேரை எப்பிடி எழுதியிருக்கிறாங்க எண்டு போட்டோ எடுத்து அனுப்பு’ என்று வருகிற வொயிஸ் மெசேஜுக்குப் பதில் சொல்லுகிறது. விரிவுரைக்குப் போகாத நாட்களில் கொஞ்சத்தை இதற்கு எழுதலாம்.

முதலில் சொல்லிலேயே ஒரு வேலை நடக்கிறது. லண்டனில் இருந்து டுபாய்க்கு வேலைக்குப் போகிறவர் ‘எக்ஸ்பட்’. அக்கரைப்பற்றில் இருந்தோ அட்டனில் இருந்தோ போகிறவர் ‘லேபர்’, பெண்ணென்றால் ‘ஹவுஸ்மெய்ட்’, அங்கே போனதும் ‘கத்தாமா’. எக்ஸ்பட்டுக்கு இருப்பது ‘வாழ்க்கைமுறை’. மற்றவருக்கு இருப்பது ‘பிரச்சினை’. இரண்டு பேரும் பத்து வருசம், பதினைந்து வருசம் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சிம் வேணும், வங்கிக் கணக்கு வேணும், பல்லுவலிக்கு டொக்டர் வேணும். ஆனால் ஒருவர் வாழுகிறார், மற்றவர் ‘போயிருக்கிறார்’. எங்கள் ஊர்களிலும் இப்படித்தான் கேட்பார்கள்: ‘வாப்பா எங்க?’ ‘கட்டாருக்குப் போயிருக்கார்.’ போய் பதினெட்டு வருசம்.

போயிருக்கிறவருடைய ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். சவூதியில் அவருடைய முழு இருப்பும் இக்காமா என்கிற ஒரு அட்டையில் தொங்குகிறது. அந்த அட்டையை அவர் தானாகப் புதுப்பிக்க முடியாது, முதலாளி புதுப்பிக்க வேணும். முதலாளி காசு கட்டாவிட்டால், அல்லது மறந்துவிட்டால், அல்லது வேண்டுமென்றே இழுத்தால், இக்காமா முடிகிற திகதியில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கத் தொடங்கும். வங்கிக் கணக்கு முடங்கும். வீட்டுக்குக் காசு அனுப்ப முடியாது. ஹொஸ்பிட்டலுக்குப் போகப் பயம். தெருவில் பொலிஸ் மறித்தால் குற்றவாளி அவர்தான், முதலாளி இல்லை. சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறினால் முதலாளி ‘ஹுரூப்’ போடலாம், அதாவது ஓடிப்போய்விட்டான் என்று ஒரு அறிவிப்பு. அதன்பிறகு அவர் சட்டத்துக்கு வெளியே. இந்த நிலையில் இருக்கிறவரிடம் போய் ‘உங்கள் ஆவணங்களை எப்போதும் புதுப்பித்து வைத்திருங்கள்’ என்று டிப்ஸ் சொல்லுவது பகிடி.

மாற்றங்கள் வரவில்லையா என்று கேட்கலாம். வந்தன. 2021 மார்ச்சில் இருந்து சவூதியில் தனியார் துறைத் தொழிலாளர்கள் சில நிபந்தனைகளோடு முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேலை மாறலாம், நாட்டை விட்டு வெளியேறலாம். ஆனால் வீட்டுப் பணியாளர்களும் வீட்டுச் சாரதிகளும் அந்தச் சீர்திருத்தத்துக்குள் சேர்க்கப்படவில்லை. எங்கள் நாட்டில் இருந்து போகிற பெண்களில் பெருந்தொகையினர் செய்கிற வேலை எதுவோ அதுதான் வெளியே விடப்பட்டது. கட்டார் உலகக் கிண்ணத்துக்கு முன்னால் நெருக்குதல் வந்தபோது 1000 ரியாலை ஆகக் குறைந்த சம்பளமாக்கியது, அதில் வீட்டுப் பணியாளர்களையும் சேர்த்தது. நல்லது. கிண்ணம் முடிந்தது, கமராக்கள் வீட்டுக்குப் போய்விட்டன. மூடிய வீட்டுக்குள் அந்த 1000 ரியால் மாதாமாதம் கைக்கு வருகிறதா என்று பார்க்கிற ஆள் யார்?

குடும்பத்தோடு இருக்கலாமே என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐக்கிய அரபு இராச்சியத்தில் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட 4000 திர்ஹம் சம்பளம் வேணும், இல்லாட்டி 3000 திர்ஹமும் தங்குமிடமும். சவூதியில் 2017 யூலையில் இருந்து கூட இருக்கிற ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேணும் என்றார்கள். அது வருசத்துக்கு நூறு நூறாகக் கூடி 2020 இல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1600 ரியால், ஒரு சாதாரண சாரதியின் முழுச் சம்பளம். எங்கள் குழுவில் ஒருவன் ஏழாம் வகுப்பில் தமாமில் இருந்து திரும்பி வந்து, தமிழ் எழுதப் பழகாமல் சாதாரண தரம் வரை தட்டுத்தடுமாறியதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். அவனுடைய வாப்பா அங்கேயே ஒரு ‘பெட் ஸ்பேஸ்’ எடுத்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு அறை, ஆறு கட்டில், கட்டிலைச் சுற்றி ஒரு சீலை. அந்தச் சீலைக்குள் இருந்துதான் அவர் வீடியோ கோல் எடுப்பார்.

இதெல்லாம் அந்தந்த நாட்டின் சட்டம், நாங்கள் என்ன செய்யலாம் என்று ஒரு பெருமூச்சு இந்த இடத்தில் வரும். அந்தப் பெருமூச்சை எங்களுக்கு ஏற்க முடியாது. கனடாவுக்கோ பிரான்ஸுக்கோ போனவருக்கு ஒரு காலத்தில் அங்கே வதிவிட அனுமதி வரும், பிறகு குடியுரிமை வரும், பிள்ளைகள் அந்த நாட்டுப் பிள்ளைகளாகும். வளைகுடாவில் சாதாரணத் தொழிலாளிக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. முப்பது வருசம் இருந்தாலும் அவர் தற்காலிகம். அங்கே பிறந்த பிள்ளையும் தற்காலிகம். அதன் பொருள், அவருக்கு இருக்கிற ஒரே அரசு எங்களுடைய இந்த அரசுதான். அவருடைய நிரந்தரமான கடதாசி ஒவ்வொன்றும் இங்கேதான் இருக்கிறது. அந்த ஒரே அரசு அவருக்கு என்ன செய்கிறது?

பெயர் வைக்கிறது. ‘ரட்ட விருவோ’, நாட்டின் வீரர்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற எண்களைப் பாருங்கள். வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் 2020 இல் வங்கி வழியாக அனுப்பியது ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலர். 2021 இல் அது 5.5 பில்லியனாகி, 2022 இல் 3.8 பில்லியனுக்கு விழுந்தது. டொலரை 203 ரூபாவில் கயிறுகட்டி வைத்திருந்தால் உண்டியல்காரன் அதைவிடக் கூடத் தருவான், சனம் உண்டியலில்தான் போடும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் சிறப்புப் பாடமாகப் படிக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நேரம் மேடைகளில் என்ன சொன்னார்கள்? உண்டியலில் அனுப்புகிறவன் தேசத் துரோகி என்கிற தொனியில் பேசினார்கள். பிறகு டொலருக்கு 10 ரூபா கூடத் தருகிறோம் என்றார்கள். 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த கையோடு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் நன்கொடை தாருங்கள் என்று மத்திய வங்கியே கேட்டது. அதற்குப் பிறகு, வங்கியால் காசு அனுப்புகிறவர்களுக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தார்கள். மாதம் 1000 ரியாலுக்கு வேலை செய்கிற பெண் மின்சாரக் கார் இறக்குமதி செய்கிறாளாம்! இந்தத் திட்டத்தை எழுதினவர் எந்தத் தொழிலாளியை மனதில் வைத்து எழுதினார் என்று அறிய எங்களுக்கு உண்மையிலேயே ஆசை.

அந்த 2022 இல்தான் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து நாட்டை விட்டுப் போனார்கள். ‘விரும்பித்தானே போனாங்க’ என்று சொல்லுகிறவர்கள் அந்த வருசம் எந்தப் பெற்றோல் வரிசையில் நின்றார்கள் என்று கேட்க வேணும்.

பெண்களுக்கு இந்த அரசு இன்னொன்றும் செய்தது. 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டுப் பணிக்குப் போக முடியாது, போவதென்றால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், கணவன் சம்மதிக்கிறானா என்று உத்தியோகத்தர்கள் எழுதிக் கையெழுத்து வைக்க வேணும். தகப்பன் போவதற்கு இப்படி ஒரு அறிக்கை கிடையாது. தகப்பன் பிள்ளையை விட்டுப் போனால் உழைக்கப் போகிறான், தாய் போனால் கைவிட்டுப் போகிறாள். 2022 இல் இதைத் தளர்த்தினார்கள், டொலர் தேவைப்பட்டபோது தாய்ப்பாசம் கொஞ்சம் குறைந்தது போலும். ஆனால் இடையில் நடந்ததைப் பார்க்க வேணும். தடுத்தால் போகாமல் விடுவார்களா? கடன்காரன் வாசலில் நிற்கிறான். சப்-ஏஜென்டின் சொல்லைக் கேட்டு விசிட் வீசாவில், பதியாமல் போனார்கள். பதியாமல் போனவருக்குப் பணியகத்தின் காப்புறுதி இல்லை, பதிவு இல்லை, அங்கே ஏதும் நடந்தால் ‘நீங்கள் எங்கள் பட்டியலில் இல்லையே’. பெண்களைப் பாதுகாக்கப் போட்ட விதி அவர்களைப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளியது.

மொழிக்கு வருவோம். வயிறு எரிவது இங்கேதான். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. 1987 இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியிருக்கிறது. வளைகுடாவில் ஒரு நகரத்தில் இருக்கிற எங்கள் நாட்டு அலுவலகம் ஒன்றுக்கு எங்கள் நண்பியின் உம்மா பாஸ்போட் புதுப்பிக்கப் போனா. போம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். கவுண்டரில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அவவுக்குச் சிங்களம் தெரியாது. கடைசியில் இரண்டு பேரும் அரபியில் கதைத்தார்கள். தன் நாட்டின் உத்தியோகத்தரோடு கதைக்க ஒரு இலங்கைப் பெண் தன் எஜமானியிடம் பழகிய அரபியைப் பாவிக்கிறா. வீட்டில் இதைச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னா. நாங்களும் சிரித்தோம். பிறகு யாரும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஏனென்றால் இந்தப் பகிடியின் அடுத்த முனையில் என்ன இருக்கிறது என்று கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 இல் சவூதிக்குப் போகும்போது வயது 17. வயதைக் கூட்டி, 1982 இல் பிறந்தவர் என்று காட்டுகிற பாஸ்போட்டில் அனுப்பினார்கள். அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. விசாரித்தபோது பக்கத்தில் சட்டத்தரணி இல்லை. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழுக்கும் அரபுக்கும் இடையில் சரியாக மொழிபெயர்க்கத் தெரியுமா என்ற கேள்வி கடைசி வரை தீரவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். பிறந்த திகதி, மொழிபெயர்ப்பு, கூப்பிட்டால் வருகிற ஒரு உத்தியோகத்தர்: டிப்ஸ் வீடியோவில் ஒவ்வொன்றுக்கும் பத்து செக்கன் கிடைக்கிற ‘அன்றாட விசயங்கள்’ இவைதான்.

பெயர் விவகாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. தமிழ் பேசுகிற சனத்தின் ஒரு பெயர் பிறப்பத்தாட்சியில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, பாஸ்போட்டில் மூன்றாவது மாதிரி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதினவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது, காதால் கேட்டு எழுதினார்கள். முகம்மது ஒருவருக்கே நாலு எழுத்துக்கூட்டல். ‘கணேசன் மகன் சிவகுமார்’ அங்கே போய்க் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கணேசன் ஆகி, அவரைக் கம்பனி முழுக்கத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடும். (ஒரு மாமா சொன்னார்: ‘அப்பா ஒருநாளும் பிளேனில ஏறேல்ல, ஆனா அபுதாபியில அவருக்குப் பன்ரெண்டு வருச சேர்விஸ்.’) இது பகிடியாக இருக்கிற வரைக்கும் சரி. வேலை முடிந்து சேவைக் காசு எடுக்கும்போது, இறந்தவரின் நட்டஈட்டை மனைவி கேட்கும்போது, ஒரு எழுத்து மாறியிருந்தால் ஆளே வேறு. அப்போது அவர் அங்கே, கடதாசி இங்கே. திருத்துவதற்குச் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பதிவாளர், மொழிபெயர்ப்பு, அத்தாட்சி. கம்பனியின் மந்தூப் சொல்லுவார், வெள்ளிக்கிழமைக்குள் வேணும் என்று.

பாஸ்போட் முடிந்தால் இக்காமாவைப் புதுப்பிக்க முடியாது. 2024 இல் கொழும்பில் பாஸ்போட் புத்தகமே இல்லாமல், பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசை நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊரில் நிற்கிறவருக்கு அது அலைச்சல். அங்கே நிற்கிறவருக்கு அது சட்டவிரோதமான ஆளாக மாறுவது.

பிள்ளைகள் விசயம் இன்னும் மோசம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை வேணும் என்றால் ஒரு வருடத்துக்குள் பதிய வேணும், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. தாயின் வழியாக அந்த உரிமை கிடைப்பதற்கே 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிவதற்கு அந்த நாட்டின் பிறப்புச் சான்று தேவை. வளைகுடா நாடுகள் பலவற்றில் திருமணம் இல்லாமல் பிள்ளை பெறுவது குற்றம். வல்லுறவுக்கு ஆளான ஒரு பணிப்பெண் பிள்ளையைப் பெற ஹொஸ்பிட்டலுக்குப் போனால் பொலிஸ் வரும். போகாமல் அறையில் பெற்றால் பிள்ளைக்குக் கடதாசி இல்லை. இந்தப் பெண்களில் மலையகத்தில் இருந்து போனவர்களும் இருக்கிறார்கள். எந்தச் சட்டம் அவர்களுடைய பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியதோ அதே 1948 சட்டம். 2003 வரை இழுபட்ட அந்தக் கதையைப் பாடத்தில் படிக்கிறோம், பரீட்சையில் எழுதுகிறோம். அதே வரி திரும்பவும் ஒரு குழந்தையின் மேல் விழுவதைப் பற்றி எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை.

ஓய்வூதியம் பற்றி ஒரே வசனம் போதும்: இருபத்தைந்து வருசம் இந்த நாட்டுக்கு டொலர் அனுப்பியவருக்கு முதுமையில் இந்த நாடு கொடுப்பது விமான நிலையத்தில் ஒரு தனி வரிசையும் ‘வாருங்கள்’ என்ற பலகையும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காரணம் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். இந்தச் சனத்துக்கு வாக்கு இல்லை. சட்டத்தில் பறிக்கவில்லை, போடுவதற்கு வழி வைக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் தபாலில் வாக்களிக்கலாம், ஆமிக்காரர் தபாலில் வாக்களிக்கலாம். தோகாவில் இருக்கிற கொத்தனாருக்கு வழியில்லை. 2024 இல் ரிக்கெட் காசு இருந்த சிலர் பறந்து வந்து வாக்களித்துவிட்டுப் போனார்கள். பாஸ்போட் எஜமானியின் அலுமாரியில் இருக்கிற பெண் எப்படிப் பறப்பாள்? வாக்கில்லாத ஆளுக்கு எந்த அமைச்சர் தமிழ் தெரிந்த உத்தியோகத்தரை அனுப்புவார்? எந்தப் பாராளுமன்ற உறுப்பினர் பெயர்த் திருத்தத்துக்கு ஒரு நடமாடும் சேவை கேட்பார்?

புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய 1990ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996 இல் சேர்ந்தது. அதன் 41ஆம் உறுப்புரை, தன் சொந்த நாட்டின் தேர்தல்களில் வாக்களிக்கிற உரிமை இவர்களுக்கு உண்டு என்கிறது. ‘அந்த நாட்டின் சட்டங்களுக்கு அமைய’ என்று ஒரு வால் அதில் இருக்கிறது, முப்பது வருசமாக எங்கள் அரசாங்கங்கள் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு தூங்குகின்றன. பிலிப்பைன்ஸ் 2003 இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. அதுவும் எங்களைப் போல வீட்டுப் பணிக்குப் பெண்களை அனுப்புகிற நாடுதான். வெளிநாட்டில் இருக்கிற தன் சனத்திடம் வாக்கு எடுக்கிறது. அங்கே வேட்பாளர்கள் ஹொங்கொங் வரைக்கும் போய் வாக்குக் கேட்கிறார்கள். எங்கள் தலைவர்களும் வெளிநாடு போகிறார்கள், மண்டபத்தில் கூட்டம் வைத்து, முதலீடு செய்யுங்கள் என்று கேட்டுவிட்டு வருகிறார்கள்.

தென்னிலங்கையில் இதற்கு ஒரு பயம் கிளப்புவார்கள்: வெளிநாட்டு வாக்கு என்றால் ‘டயஸ்போறா’ வந்து நாட்டைப் பிடித்துவிடும். சட்டத்தைத் தெரியாமல் கதைக்கிற கதை இது. வேறு நாட்டின் குடியுரிமை எடுத்தவர், இரட்டைக் குடியுரிமை பெறாவிட்டால், இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார், அவருக்கு வாக்குக் கேள்வியே எழாது. இலங்கைப் பாஸ்போட்டோடேயே கிடக்கிறது வளைகுடாச் சனம்தான். அதில் குருநாகலைப் பெண்ணும் இருக்கிறாள், காத்தான்குடிப் பெண்ணும் இருக்கிறாள், மஸ்கெலியாப் பெண்ணும் இருக்கிறாள். எங்கள் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. தமிழ்க் கட்சிகளுக்குப் புலம்பெயர்ந்தோர் என்றால் ஸ்காபரோவும் பாரிஸும்தான், குவைத்தில் சட்டி கழுவுகிற மட்டக்களப்புக்காரி அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. முஸ்லிம் கட்சிகளுக்கு வளைகுடா என்றால் பள்ளிவாசலுக்கு வருகிற நிதி. மலையகக் கட்சிகளுக்குத் தோட்டத்துச் சம்பளம் மட்டும். அந்தச் சம்பளம் போதாமல் போனவர்களைப் பற்றி ஒரு அறிக்கை கூட வராது.

செலவு கூடும் என்பது அடுத்த சாட்டு. தூதரகக் கட்டடம் இருக்கிறது, உத்தியோகத்தர் இருக்கிறார், வருசத்துக்குப் பல பில்லியன் டொலர் வந்துகொண்டு இருக்கிறது. முதல் தடவையே முழு உலகத்திலும் செய்யத் தேவையில்லை. ரியாத், ஜித்தா, தோகா, குவைத், டுபாய், அபுதாபி. ஆறு நகரத்தில் தொடங்கினாலே பெருந்தொகையான சனத்துக்குப் போய்ச் சேரும். அதே ஆறு இடத்திலும் தமிழ் எழுதப் பேசத் தெரிந்த ஆள் கவுண்டரில் இருக்க வேணும். மூன்று மொழியிலும் போம் இருக்க வேணும். இதற்கு ஐ.நா. தேவையில்லை, ஒரு பிரின்டர் போதும்.

2024 செப்டெம்பரில் எங்கள் வீடுகளுக்கு வாக்காளர் அட்டைகள் வந்தன. வீட்டில் இருக்கிறவருக்கும் வந்தது, போயிருக்கிறவருக்கும் வந்தது. பெயர் வெட்டுப்படக் கூடாது என்று ஒவ்வொரு வருசமும் இடாப்புப் போமில் வீட்டுக்காரர் அவருடைய பெயரையும் எழுதி விடுகிறார்கள், கிராம உத்தியோகத்தருக்கும் விசயம் தெரியும். அந்த அட்டைகள் இன்னும் அலுமாரிகளில் கிடக்கின்றன, ஒரு மடிப்பும் இல்லாமல். அடுத்த தேர்தலுக்கு நோட்டீசோடு கேற்றைத் திறந்து வருகிற வேட்பாளரிடம் அதை எடுத்து நீட்டி, ‘இவட வாக்கை நீங்க எங்க போய்க் கேக்கப் போறீங்க?’ என்று கேட்பது என்று எங்கள் குழு முடிவெடுத்திருக்கிறது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒன்று கிடக்கும், தேடிப் பாருங்கள்.